எதற்காகச் சூடாக்குகிறோம் என்பதையும் எழுதுங்கள்: பைப்லைன் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பைப்லைன் திட்டங்களுக்கு வெல்டிங் விவரக்குறிப்பு எழுதுபவர்களுக்கும், எஸ்.ஆர். (ஸ்ட்ரெஸ் ரிலீஃப், அதாவது வெல்டிங்குக்குப் பின் ஜாயின்டைச் சூடாக்கி ஆற்றுவது) வேலையின் வெப்பநிலை கிராஃபைப் பார்த்து ஒப்புதல் கையெழுத்துப் போடுபவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடமிருந்து வரும் ஆவணங்களில் ஒரு வரி மட்டும் மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது: "தேவைப்படும் இடங்களில், வெல்டிங்குக்குப் பிந்தைய வெப்பச் செயலாக்கம் விதிநூலின்படி செய்யப்பட வேண்டும்." பழைய திட்டத்தின் கோப்பிலிருந்து புதிய திட்டத்தின் கோப்புக்கு அப்படியே குடிபெயர்ந்த வரி. எங்கே தேவை, எதற்காகத் தேவை, செய்தது பலித்ததா என்று எதைப் பார்த்துச் சொல்வது, இந்த மூன்றுக்கும் அதில் பதில் கிடையாது. சூடாக்கும் பேட் கட்டுகிறவருக்கும், வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் ஒட்டுகிறவருக்கும், விடிய விடிய மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் வந்து சேர்வது இரண்டு எண்கள்தான்: இத்தனை டிகிரி, இத்தனை மணி நேரம்.

இந்த வேலையை மேற்பார்க்கும் வெல்டிங் இன்ஸ்பெக்டர் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. சூடாக்கச் சொல்லும் ஒவ்வொரு வகை ஜாயின்டுக்கும், ஏன் சூடாக்குகிறோம் என்ற காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். சூடாக்க வேண்டாம் என்று விடும் ஜாயின்டுக்கும் அப்படியே. காரணம் தெரியாத வேலையைச் சரியாகச் செய்யவும் முடியாது, தவறு என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், ஒரே வரிக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல வேலைகள் அடைந்து கிடப்பதுதான். வெல்டிங்கின்போது உருகிய உலோகத்துக்குள் புகுந்த ஹைட்ரஜனை வெளியே அனுப்புவது ஒரு வேலை. அதற்கு 600 டிகிரி எல்லாம் வேண்டியதில்லை. ஜாயின்டை ஆறவிடாமல், 200 முதல் 300 டிகிரி செல்சியஸுக்குள் சில மணி நேரம் பிடித்து வைத்தால் ஹைட்ரஜன் தானாக வெளியேறும். "ஆறவிடாமல்" என்பதுதான் இங்கே உயிர். ஹைட்ரஜனால் வரும் விரிசல் வெல்டிங் முடிந்து சில மணி நேரம் கழித்தோ, ஒரு நாள் இரண்டு நாள் கழித்தோ திறக்கும். அதனால்தான் பல திட்டங்களில் 24 அல்லது 48 மணி நேரம் காத்திருந்துவிட்டு அல்ட்ராசோனிக் சோதனை செய்கிறார்கள். ஹைட்ரஜனை நிறைய விடும் செல்லுலோஸ் பூச்சு எலக்ட்ரோடில் ரூட்டும் (உள்சுவர்ப் பக்கத்து முதல் அடுக்கு) ஹாட் பாஸும் (அடுத்த அடுக்கு) போட்டு, குளிரவிட்டு, ஒரு வாரம் கழித்து 620 டிகிரிக்கு ஏற்றி இறக்கினால், அதற்குள் வந்துவிட்ட விரிசல் மூடிக்கொள்ளாது. கிராஃப் மட்டும் அழகாக இருக்கும்.

வெப்பம் தாக்கிய பகுதியின் கடினத்தைக் குறைப்பது இன்னொரு வேலை. வெல்டிங் முடிந்து வேகமாக ஆறும்போது, வெல்டை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டையில் ஸ்டீல் கடினமாகி நொறுங்கும் தன்மைக்குப் போகிறது. அதை 600 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் வைத்தால் பதம் இறங்கும். எஞ்சிய தகைவை, அதாவது வெல்டிங்குக்குப் பின் உலோகத்துக்குள் தங்கிவிடும் விசையை, குறைப்பது மூன்றாவது. இதற்கும் கிட்டத்தட்ட அதே வெப்பநிலைதான், ஆனால் நடப்பது வேறு. 600 டிகிரியில் சாதாரணக் கார்பன் ஸ்டீலின் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடுவதாலும், உலோகம் மெல்ல இளகி நகர்வதாலும், உள்ளே பூட்டிக்கிடந்த இழுவிசை தளர்கிறது. இங்கே முக்கியம் சீராக ஏறுவதும் சீராக இறங்குவதும். ஒரு பக்கம் மட்டும் அவசரமாக ஆறினால், வெளியேற்றிய தகைவை நாமே திரும்ப உள்ளே வைத்துவிடுவோம்.

நான்காவது, குழாய் ஆலையில் நடப்பது. ஈஆர்டபிள்யூ (தகட்டை வளைத்து, விளிம்புகளை மின்தடைச் சூட்டால் ஒட்டிய) குழாயின் நீளவாட்டுத் தையலை, ஸ்டீலின் உருமாற்ற வெப்பநிலையைத் தாண்டிச் சூடாக்கி, அதன் நுண்ணமைப்பையே திரும்பக் கட்டுவது. பைப்லைன் குழாய்களுக்கான ஏபிஐ 5எல் தரநூல், கூடுதல் கட்டுப்பாடுள்ள பிஎஸ்எல்2 நிலைக் குழாய்களுக்கு இதைக் கேட்கிறது. களத்தில் இருக்கும் நாம் இதைத் தொடுவதில்லை என்பதால் மறந்தும் விடுகிறோம். 2013 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் மேஃப்ளவர் என்ற ஊரில் பெகாசஸ் பைப்லைன் பிளந்து, குடியிருப்புக்குள் கச்சா எண்ணெய் ஓடியது. அது 1940களில் செய்த ஈஆர்டபிள்யூ குழாய். தையலை ஒட்டிய கொக்கி வடிவ விரிசல்கள்தான் மூல காரணம் என்றும், தையலுக்குக் குறுக்கே முறிவுத் தாங்குதிறன் மிக மிகக் குறைவாக இருந்ததும் அதற்குத் துணைபோனது என்றும் ஆய்வில் வந்தது. ஒரு தையலின் தரம் அறுபது எழுபது ஆண்டு கழித்தும் கணக்குக் கேட்கும்.

இந்த நான்கில் எது உங்கள் ஜாயின்டுக்கு வேண்டும் என்று விவரக்குறிப்பு சொல்லவில்லை என்றால், களம் எதைச் செய்யும்? தடிமன் அட்டவணையைப் புரட்டும்.

தடிமன் அட்டவணை கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தடித்த சுவர் வெல்டிங் சூட்டை வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். அங்கே கடினம் கூடும். உலோகம் அசைய இடமில்லாமல் தகைவும் கூடும். வாயு பைப்லைனுக்கான ஏஎஸ்எம்இ பி31.8 விதிநூல், கார்பன் ஸ்டீலில் சுவர் 32 மி.மீ.யைத் தாண்டினால் தகைவு நீக்கம் கேட்கிறது. ஆலைக் குழாய்களுக்கான பி31.3 நீண்ட காலம் 20 மி.மீ.யில் கோடு போட்டிருந்தது. பிறகு வந்த பதிப்புகளில், 25 மி.மீ.க்கு மேல் 95 டிகிரி ப்ரீஹீட் (வெல்டிங்குக்கு முந்தைய சூடு) கொடுத்து, பல பாஸாக (அடுக்காக) வெல்டிங் செய்தால் சாதாரணக் கார்பன் ஸ்டீலுக்கு எந்தத் தடிமனிலும் விலக்கு உண்டு என்று தளர்த்திவிட்டது. ஒரே மாதிரி ஸ்டீல். இரண்டு விதிநூலில் இரண்டு கோடு. ஒரே விதிநூலில் இரண்டு காலத்தில் இரண்டு கோடு. அந்தக் கோடு இயற்கை விதி அல்ல, அனுபவத்தையும் செலவையும் வைத்து எடுத்த முடிவு என்பது இதிலிருந்தே தெரியும். இன்னொன்றும் உண்டு: குழாய்க்குள் என்ன ஓடப்போகிறது என்பது தடிமனுக்குத் தெரியாது.

இதை விளக்க ஒரு பாத்திரத்தின் கதை போதும். குழாய் இல்லைதான், ஆனால் ஸ்டீலும் வெல்டும் அதே குடும்பம். அமெரிக்காவின் ரோமியோவில் என்ற நகரத்தில் யூனியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலையில், 1984 ஜூலை 23 அன்று வாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிரிக்கும் ஒரு அமீன் உறிஞ்சு கோபுரம் வெடித்தது. 17 பேர் இறந்தார்கள். 25 மி.மீ. சுவர் கொண்ட அந்தக் கோபுரத்தில், 1974இல் ஒரு வளையப் பகுதியை அந்த இடத்திலேயே வெட்டி எடுத்துப் புதியதை வெல்டிங் செய்திருந்தார்கள். பிறகு வெப்பச் செயலாக்கம் செய்யவில்லை. வெல்டை ஒட்டிய பட்டை கடினமாகவே இருந்தது. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு. பத்து ஆண்டுகளாக அந்தக் கடினமான பட்டையில் விரிசல் வளர்ந்து, கடைசியில் கோபுரம் அந்த வெல்டை ஒட்டியே இரண்டாகப் பிரிந்தது. தடிமனை மட்டும் பார்த்திருந்தால் 25 மி.மீ.யில் யாருக்கும் உறுத்தியிருக்காது.

காஸ்பியன் கடலில் காஷகான் எண்ணெய் வயல் 2013 செப்டம்பரில் உற்பத்தியைத் தொடங்கி, அடுத்த மாதமே நிறுத்த வேண்டி வந்தது. வாயுக் குழாய்களில் கசிவு. ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகுந்த வாயு, ஈரம், கடினம் கூடிய இடங்கள் மூன்றும் சேர்ந்து உண்டாக்கிய சல்ஃபைடு தகைவு விரிசல் என்று கண்டார்கள். சுமார் 200 கி.மீ. குழாயை மாற்றிய பிறகு 2016இல்தான் திரும்பத் தொடங்க முடிந்தது. அங்கே எஸ்.ஆர். விட்டுப்போனது என்று நான் சொல்லவில்லை. கடினம் என்ற ஒரு எண்ணை யாரும் கையில் பிடித்து வைக்காவிட்டால் எவ்வளவு பெரிய திட்டமும் மண்டியிடும் என்பதற்காகச் சொல்கிறேன். புளிப்பு வாயுச் சேவைக்கான, அதாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த வாயுவுக்கான, ஐஎஸ்ஓ 15156 தரநூல் கார்பன் ஸ்டீல் வெல்டுக்கு விக்கர்ஸ் கடின அளவில் 250 என்ற உச்சவரம்பை வைத்திருப்பது இதற்காகத்தான். உங்கள் விவரக்குறிப்பில் "புளிப்புச் சேவை, கடினத்துக்காகச் செயலாக்கம், ரூட்டில் 250க்குள்" என்று ஒரு வரி இருந்தால், 12 மி.மீ. சுவரிலும் அது ஏன் வேண்டும் என்று களத்தில் யாரும் தர்க்கம் பண்ண மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான வழக்கமும் உண்டு, அது எனக்கு இன்னும் கோபமூட்டுவது. "பாதுகாப்புக்காக எல்லா ஜாயின்டையும் எஸ்.ஆர். செய்துவிடுங்கள்." கூடுதலாகச் சூடாக்கினால் கூடுதல் பாதுகாப்பு என்ற நம்பிக்கை. எக்ஸ்65, எக்ஸ்70, எக்ஸ்80 ஆகிய உயர்வலிமை ரகக் குழாய்களுக்கு இது பொருந்தாது. அவற்றின் வலிமை கார்பனைக் கொட்டி வாங்கிய வலிமை அல்ல. நியோபியம், வனேடியம், டைட்டானியம் ஆகியவற்றைத் துளித்துளியாகச் சேர்த்து, உருட்டும் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி, தண்ணீர் அடித்து வேகமாகக் குளிர்வித்து, உலோகத்தின் படிகத் துகள்களை மிக நுண்ணியதாக்கி எடுத்த வலிமை. எக்ஸ்70 குறைந்தது 485 மெகாபாஸ்கல், எக்ஸ்80 குறைந்தது 555 மெகாபாஸ்கல் தாங்கும் என்று ஆலை தரும் உறுதி அந்த உருட்டலை நம்பித் தந்தது. அதைத் திரும்ப 620 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்தால் ஆலை கட்டிய அமைப்பில் ஒரு பகுதி கலையும். சில ஸ்டீலில் வலிமை இறங்கும். சிலவற்றில் கரைந்து நின்ற நியோபியமும் வனேடியமும் நுண்துகளாக வெளியேறி, வலிமை இறங்காமல் முறிவுத் தாங்குதிறன் இறங்கும். எது நடக்கும் என்பது அந்த ஸ்டீலின் வேதியியலைப் பொறுத்தது. பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே இந்த ரகங்களுக்குச் செயலாக்கம் உண்மையிலேயே வேண்டும் என்றால், குழாய் வாங்கும் ஆர்டரிலேயே ஆலைக்குச் சொல்லுங்கள். அதே வெப்பச் சுழற்சியைக் கொடுத்த மாதிரித் துண்டில் இழுவைச் சோதனையும் சார்பி (அடித்து முறிக்கும்) சோதனையும் கேளுங்கள். ரிப்பேர் வந்தால் இரண்டாவது சுழற்சியும் போகும் என்பதைக் கணக்கில் சேருங்கள். குழாய் களத்துக்கு வந்து, ஜாயின்ட் முடிந்த பிறகு மின்னஞ்சலில் "இதையும் எஸ்.ஆர். செய்துவிடவும்" என்று வருவது பொறியியல் அல்ல.

இனி கிராஃபுக்கு வருகிறேன். கையெழுத்திடுபவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

கிராஃப் காட்டுவது ஜாயின்டின் வெப்பநிலையை அல்ல. தெர்மோகப்பிள் கம்பிகளின் முனை இருக்கும் இடத்து வெப்பநிலையை, அதுவும் இணைப்பெல்லாம் சரியாக இருந்தால் மட்டும். முனை குழாயில் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டு, மேலே காப்புப் பஞ்சு வைத்து மூடி, அதற்கும் மேல் பேட் வரவேண்டும். மூடாமல் விட்டால் பேடின் சூடு நேரே முனையில் படும்; மீட்டரில் 620, குழாயில் அதைவிடக் குறைவு. முனை குழாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு விலகிவிட்டால் தலைகீழ்க் கதை: மீட்டரில் குறைவாகக் காட்டும், கன்ட்ரோலர் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும், குழாய் எங்கேயோ போய்விடும். இரண்டிலும் கிராஃபில் கோடு நேராகத்தான் இருக்கும்.

தெர்மோகப்பிளை ரெக்கார்டரோடு இணைக்கும் காம்பன்சேட்டிங் கேபிளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதன் இரண்டு முனையிலும் பிளஸ் மைனஸ் மாறிப் போனால், அறை வெப்பத்தில் சோதிக்கும்போது மீட்டர் சரியாகவே காட்டும். வேலை நடக்கும்போது தெர்மோகப்பிள் கேபிளோடு சேரும் பிளக், சூடான குழாய்க்குப் பக்கத்தில் 80 டிகிரியிலும், ரெக்கார்டர் 35 டிகிரியிலும் இருந்தால், வித்தியாசம் 45. பிழை அதைப்போல் இரு மடங்கு, அதாவது சுமார் 90 டிகிரி. மீட்டர் குறைத்துக் காட்டும். 620 என்று எழுதியிருக்கும் ஜாயின்ட் 710ஐத் தொட்டிருக்கும். ஸ்டீல் உருமாறத் தொடங்கும் எல்லைக்குப் பக்கத்தில் அது. சாதாரணச் செம்புக் கம்பியால் கேபிளை நீட்டினாலும் பிழை உண்டு, அதில் பாதி. காலிபரேஷன் சான்றிதழ் ரெக்கார்டருக்கு இருக்கிறது. அந்தக் கேபிளுக்கு யார் சான்று?

அடுத்தது இடம். சூடு மேலே போகும் என்பது சமையலறை தெரிந்த எவருக்கும் தெரியும். கிடைமட்டக் குழாயில் பன்னிரண்டு மணி இடம் (உச்சி) சீக்கிரம் ஏறும், ஆறு மணி இடம் (அடி) பின்தங்கும். பெரிய விட்டக் குழாயில் ஒரே கட்டுப்பாட்டு வட்டத்தில் மேலும் கீழும் சேர்த்து ஓட்டினால் அந்த வித்தியாசம் அப்படியே நின்றுவிடும். போதாக்குறைக்குக் குழாயின் இரு முனையும் திறந்திருந்தால் உள்ளே காற்று ஓடும்; உள்சுவர், அதாவது ரூட் இருக்கும் பக்கம், வெளிச்சுவரைவிடக் குளிர்ந்தே இருக்கும். நமக்கு வேண்டியதோ ரூட். வாயுவைத் தொடப்போவது அதுதான்.

வெளியிலிருந்து மட்டும் சூடாக்கும்போது உள்சுவர் வெப்பநிலையை எட்ட, சூடாக்கும் பட்டை போதுமான அகலம் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் வழக்கத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு: குழாயின் உள் ஆரத்தையும் சுவர்த் தடிமனையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, ஐந்தால் பெருக்கு. ஆரம் 300 மி.மீ., தடிமன் 25 மி.மீ. என்றால் விடை சுமார் 433 மி.மீ. வெல்டின் மேல் ஒற்றை வரிசை பேட் சுற்றிவிட்டு "கட்டியாச்சு" என்று சொல்லும் இடங்களில் இந்தக் கணக்கை நான் பார்த்ததில்லை. காப்புப் பஞ்சு அதையும் தாண்டி இருபுறமும் போக வேண்டும். இல்லாவிட்டால் சூடான பட்டையின் ஓரத்தில் வெப்பநிலை செங்குத்தாக விழுந்து, அங்கே புதிய தகைவு பிறக்கும்.

"கொஞ்சம் குறைந்தால் என்ன, அரை மணி கூட வைத்தால் சரியாகிவிடும்" என்பது அடிக்கடி கேட்கும் பதில். அழுத்தப் பாத்திரங்களுக்கான ஏஎஸ்எம்இ எட்டாம் பிரிவில் இதற்கு ஓர் அட்டவணையே இருக்கிறது. வழக்கமான வெப்பநிலையிலிருந்து 28 டிகிரி குறைத்தால் ஒரு மணி நேரம் இரண்டாகிறது, 56 குறைத்தால் நான்கு, 83 குறைத்தால் பத்து, 111 குறைத்தால் இருபது மணி நேரம். இந்த வேலையில் நேரம் வலுவில்லாத கருவி. வெப்பநிலைதான் வேலை செய்கிறது. ஆறு மணி இடம் 56 டிகிரி பின்தங்கியிருந்த ஒரு ஜாயின்டில், மேலே ஒரு மணி நேரம் முடிந்தபோது கீழே கால் பங்கு வேலைதான் ஆகியிருக்கிறது. அந்த இடத்தில் தெர்மோகப்பிள் இல்லை என்றால் கிராஃபில் அதன் சுவடுகூட இருக்காது.

கடினச் சோதனை இதையெல்லாம் பிடித்துவிடும் என்று நினைக்காதீர்கள். கையடக்கக் கருவி வெளிப்புறத்தைத்தான் தொடும். துள்ளல் முறைக் கருவிகள் மெல்லிய சுவரில் தடுமாறும். வெப்பம் தாக்கிய பட்டை ஓரிரு மி.மீ. அகலம்தான், முனை சற்றுத் தள்ளிப் பட்டால் வேறு எண் வரும். பதம் இறங்கியதா என்று ஓரளவு சொல்லும், அவ்வளவே. தகைவு தளர்ந்ததா என்று அது சொல்லாது. தகைவும் முழுதாகப் போய்விடுவதில்லை: விரிசல் மதிப்பீட்டுக்கான பிஎஸ் 7910, முறையாகச் செயலாக்கம் செய்த வெல்டிலும் வெல்டின் நீளவாட்டில் 30 சதவீதமும் குறுக்கே 20 சதவீதமும், தாங்குவலிமையில் எஞ்சியிருப்பதாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. முறையாகச் செய்ததற்கே அந்தக் கணக்கு.

களத்தில் இருப்பவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று இந்த மடலைப் படிக்க வேண்டாம். கிராஃப் இல்லையென்றால் பில் இல்லை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆகவே கிராஃப் வரும். ஜெனரேட்டர் நடுவில் நின்றாலும் வரும். கேட்டதைத்தான் தருகிறார்கள். கேட்பதை மாற்றினால் வருவதும் மாறும். கட்டும் முன் பேட் வரிசையையும் தெர்மோகப்பிள் இடங்களையும் காட்டும் ஒரு படம் கேளுங்கள். ஆறு மணி இடத்தில் ஒன்று கட்டாயம் என்று எழுதுங்கள். கன்ட்ரோலரோடு சேராத, இன்ஸ்பெக்டர் தன் விருப்பத்துக்கு எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் ஒரு தெர்மோகப்பிளை அனுமதியுங்கள். எனக்குத் தெரிந்தவரை இதைவிட மலிவான காவல் கிடையாது. முதல் ஜாயின்டிலாவது உள்சுவரில் ஒன்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் நின்றால் எந்தக் கட்டத்தில் தொடரலாம், எந்தக் கட்டத்தில் மறுபடி முதலிலிருந்து என்பதை நீங்களே முடிவு செய்து எழுதுங்கள். நள்ளிரவில் ஆபரேட்டர் முடிவு செய்ய வேண்டிய விஷயம் அல்ல அது. 600 டிகிரியில் குழாய் தன் எடையில் தொங்கும் என்பதால் இருபுறமும் தாங்கு கட்டைகள் எங்கே என்பதும் படத்தில் இருக்கட்டும். பக்கத்தில் வால்வு இருந்தால் அதன் மென்மையான சீட் எவ்வளவு தாங்கும் என்று வால்வு தயாரிப்பாளரிடம் கேட்கும் பொறுப்பும் உங்களுடையது.

கடைசியாக ஒன்று. செயலாக்கம் முடிந்து, கிராஃபில் கையெழுத்தாகி, ஜாயின்ட் ஆறிய பிறகு, யாரோ ஒருவர் அதே பட்டையில் ஒரு சிறு கிளிப்பையோ எர்த் துண்டையோ வெல்டிங் செய்வார். கேபில் (வெல்டின் மேல் அடுக்கில்) ஒரு சிறு குழி தெரிகிறது என்று ஒரு பாஸ் போட்டு கிரைண்டிங் செய்வார். மூன்று நிமிட வேலை. அந்த இடத்தில் மறுபடியும் புதிய கடினப் பட்டை, புதிய தகைவு, ப்ரீஹீட் இல்லாததால் முன்பைவிட மோசமாக. கோப்பில் அந்த ஜாயின்ட் செயலாக்கம் முடிந்தது என்றே இருக்கும். எஸ்.ஆர். முடிந்த ஜாயின்டில் அழியாத பெயின்டால் அடையாளம் போடவும், அதற்குப் பின் அதில் எந்த ஆர்க்கும் விழக்கூடாது, விழுந்தால் யாருடைய அனுமதியோடு, எந்த முறையில் திரும்பச் செயலாக்கம் என்பதையும் அடுத்த திருத்தப் பதிப்பிலேயே சேருங்கள். அதற்குப் பக்கத்திலேயே, ஏன் என்ற காரணமும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட வேண்டியிருக்கும் ஒரு வெல்டிங் இன்ஸ்பெக்டர்